வெறும் தண்ணீர்

படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்ட பிறகு, டீச்சருக்கு மிஞ்சிய உலகம் எதிர்ச்சுவர் ஒன்றுதான். சன்னல் இருந்தது, ஆனால் அதற்கு அப்பால் அடுத்த கட்டடத்தின் முதுகு இருந்தது. பள்ளியில் புவியியல் நடத்துபவள் அவள். பெருங்கடல்களை வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டிப் பழகியவள், சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு சுவரில் கண்டங்களைத் தேடிக்கொண்டு கிடக்க நேர்ந்தது.

ஊரார் அவளை மரியாதைக்காக டீச்சர் என்றார்கள். கணவன் கேலிக்காக அப்படி அழைக்கத் தொடங்கினான். அந்தக் கேலி எப்போது செல்லமாயிற்று என்பது இருவருக்கும் நினைவில்லை. அவன் பேக்கரி வைத்திருந்தான். காலம் கடந்து நடந்த திருமணம். அதன்பின் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் வயிறு தெரியத் தொடங்குமுன்பே எல்லாம் முடிந்துபோயிருந்தது. இது மூன்றாவது. அதைப் பற்றி வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. தொட்டிலைப் பற்றியோ பெயரைப் பற்றியோ ஒரு சொல்லும் எழாமல் எல்லாருமே பார்த்துக்கொண்டார்கள்.

"சுவத்தையே பாத்துட்டுக் கிடந்தா மனசு என்னத்துக்கு ஆகும்?" என்றான் அவன் ஒரு நாள். "கண்ணுக்கு ஏதாவது வேணும், டீச்சர்."

"டிவி வைங்க."

"டிவியில எல்லாரும் அழறாங்க. நீயும் கூடச் சேர்ந்து அழுவே. நான் கடலைக் கொண்டு வர்றேன்."

"கொண்டு வாங்க. வர்ற வழியில ஒரு மலையும் வாங்கிட்டு வாங்க."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வார இறுதியில் ஒரு கண்ணாடித் தொட்டியை ஆட்கள் மூச்சிரைக்கச் சுமந்து வந்து, கட்டிலுக்கு எதிரே ஓர் இரும்பு மேடைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் டீச்சரின் அக்கா, தங்கைக்குச் சமைத்துப் போட நாள்தோறும் வருகிறவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது குளிக்கவா மாப்ளே, குதிக்கவா?"

"பவளப்பாறைத் தொட்டி அக்கா. கடல் மீன், கடல் பவளம், எல்லாம் இதுக்குள்ள வளரும்."

"வீட்டுல இருக்கிற ரெண்டு பேரு வளர்றதுக்கே இடமில்ல."

டீச்சர் தலையணையில் சாய்ந்தபடி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "வலப்பக்கம் சாயுது."

"சாயலை. நான் பாத்துட்டேன்."

"சாயுதுங்க."

அவன் நீர்மட்டக் கோலைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தான். குமிழி தயக்கமில்லாமல் இடப்பக்கம் போய் நின்றது. வலப்பக்கக் கால்களின் கீழ் ஒட்டுப்பலகைத் துண்டைச் செருகிய பின்தான் அது நடுவுக்கு வந்தது. படுத்திருந்தாலும் டீச்சர் டீச்சர்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் வியர்வையைத் துடைத்தான்.

கடல் மீன் விற்கும் கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லியிருந்தார். குழாய்த் தண்ணீர் கூடாது. வடிகட்டிச் சுத்தம் செய்த தண்ணீர்தான் வேண்டும். அதில் கடலுப்பை அளவாகக் கரைக்க வேண்டும். அளவு என்ற சொல்லைக் கேட்டதும் பேக்கரிக்காரனுக்கு உற்சாகம் பிறந்தது. கடையில் இருந்த இரண்டாவது தராசை வீட்டுக்குத் தூக்கி வந்தான். கண் ஏமாறும், நாக்கு ஏமாறும், தராசு ஏமாறாது என்பது அவனுடைய தொழில்வேதம். கைப்பிடி உப்பு, சிட்டிகை உப்பு என்று பேசுகிறவர்களை அவன் சமையல்காரர்கள் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. கலந்து முடித்ததும், கடைக்காரர் தந்திருந்த சிறிய குழலின் முனையில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். உப்பைக் காட்டும் கோடு நிற்க வேண்டிய இடத்தில் அப்படியே நின்றது.

"பாத்தியா? எடை போட்டுக் கலந்தா இந்தக் குழலே தேவையில்ல" என்று சொல்லிக் குழலை இழுப்பறைக்குள் போட்டு மூடினான்.

மணல் வந்தது. உயிருள்ள பாறைகள் என்று சொல்லப்பட்ட, ஆனால் செத்தவை போலவே தோன்றிய பழுப்புக் கற்கள் வந்தன. நீரை வெதுவெதுப்பாக வைக்கும் கருவியும், நீரைச் சுழற்றும் மோட்டாரும், நீல விளக்கும் பொருத்தப்பட்டன. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. மீனை இப்போது விடக் கூடாது, தொட்டி பக்குவப்பட வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு இது நல்ல தீனியாயிற்று. "கல்லுக்கு லைட்டு, கல்லுக்கு ஹீட்டர், கல்லுக்கு அலை! நான் பொறந்ததுக்கு ஒரு கல்லாப் பொறந்திருக்கலாம்."

"உள்ள வேலை நடக்குது அக்கா" என்றான் அவன். "மாவைப் பிசைஞ்சு மூடி வைக்கிறோம்ல? கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா உள்ள கோடிக்கணக்குல ஏதோ உயிர் பொங்கிட்டு இருக்கும். இதுவும் அப்படித்தான். மீனோட கழிவைத் தின்னுற கிருமி முதல்ல வளரணும். அது வளராம மீனை விட்டா, மீன் தன் கழிவுலயே செத்துப்போகும். பொங்காத மாவை அடுப்புல தள்ளுன மாதிரி."

டீச்சர் அவனை வியப்போடு பார்த்தாள். பாடநூலில் இத்தனை தெளிவாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பேக்கரிக் கணக்கு கடலுக்கும் பொருந்துகிறது என்று அவனுக்கும் அன்றைக்கு ஒரு பெருமிதம். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அந்தப் பெருமிதமே வித்து.

கற்களின்மேல் பழுப்பு நிறத்தில் ஓர் அழுக்குப் படலம் படர்ந்து, எல்லாரையும் கவலைப்படுத்திவிட்டு, வந்தது போலவே மறைந்தது. பிறகு நத்தைகள் வந்தன. பிறகு, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை கட்டிய ஒரு சோடி மீன்கள் வந்தன.

"பெரிசா இருக்கிறது பொண்டாட்டியாம்" என்று கடைக்காரர் சொன்னதை அவன் அப்படியே ஒப்பித்தான். "சின்னது புருஷன். அவ பின்னாலயே சுத்துவான். அவ முறைச்சா உடம்பை உதறிட்டு அடங்கிடுவானாம்."

"இதைக் காசு குடுத்து வேற வாங்கணுமா? நம்ம வீட்டுல தினமும் நடக்குறதுதானே" என்றாள் அக்கா.

கடைசியாகப் பவளங்கள் வந்தன. பச்சைப் பொத்தான்கள் போல் ஒன்று. காளானைப் போல் ஒன்று. வெளிறிய காம்புகளின் நுனியில் சின்னஞ்சிறு கைகளோடு ஒன்று. அந்த மூன்றாவதுதான் டீச்சரின் பார்வையைக் கட்டிப்போட்டது. ஒவ்வொரு கையிலும் மெல்லிய விரல்கள். அவை மூடின, திறந்தன, மீண்டும் மூடின. நீரோட்டத்துக்கு ஏற்ப அசைவதாகத் தெரியவில்லை. தமக்குள்ளேயே ஏதோ ஒரு தாளத்தைக் கேட்டுக்கொண்டு அவை பிடித்துப் பிடித்து விட்டன.

"பாப்பா கை மாதிரி இல்ல?" என்றாள்.

வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது. அக்கா கையிலிருந்த தட்டை ஓசையின்றிக் கீழே வைத்தாள்.

"இது இப்படி மூடித் திறந்துட்டு இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லைங்க" என்றாள் டீச்சர், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

அவள் கண்ணுக்கு வேலை கொடுக்கத்தான் அவன் ஒரு பொருளைக் கொண்டுவந்தான். அவளோ தன் உயிரையே அதில் கொண்டுபோய் மாட்டிவிட்டாள். அன்றுமுதல் அந்தத் தொட்டி வேடிக்கைப் பொருளாக இல்லை. பேக்கரியில் காலை வியாபாரம் ஓய்ந்ததும் ஓடி வருவான். நீர் ஆவியாகி, கண்ணாடியில் ஒட்டியிருந்த நாடாவுக்குக் கீழே மட்டம் இறங்கியிருக்கும். சமையலறைக்குப் போய், நல்ல நீர் எடுத்து, அதற்குரிய உப்பைத் தராசில் நிறுத்திக் கரைத்து, நாடாவைத் தொடும்வரை பார்த்துப் பார்த்து ஊற்றுவான்.

"உப்பு சரியா இருக்கா?" என்று படுக்கையிலிருந்து கேள்வி வரும்.

"எடை போட்டுத்தானே ஊத்துறேன்" என்று பதில் போகும்.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு பச்சைப் பொத்தான்கள் சில காலையில் விரியத் தாமதித்தன. காளான் பவளம் ஓரம் சுருண்டது. விரல்களின் தாளம் தளர்ந்து, மூடிய கை திறக்க யோசிப்பதுபோல் ஆயிற்று. டீச்சர் இவை எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டு பாதியில் திரும்பத் தொடங்கியது. பசிக்கவில்லை என்றாள். தூக்கம் வருகிறது என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், தூங்கவில்லை.

அவன் கடைக்காரரிடம் ஓடினான். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். விளக்கு? சூடு? மோட்டார்? மீனுக்குத் தீனி அதிகமா? எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒழுங்கான பதில் இருந்தது.

"உப்பு பாத்தீங்களா?"

"அதுல எனக்குத் தப்பு வராதுங்க. கிராம் சுத்தமா நிறுத்துத்தான் போடுறேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "உங்க கடை ரொட்டியைத் தின்னுறவன்தானே நானு. உப்புல உங்களை யாரு கேள்வி கேக்கறது? விளக்கைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க."

விளக்கைக் குறைத்தான். மோட்டாரைத் திருப்பி வைத்தான். சில நாள் கழித்து ஒரு காலையில், அந்தச் சிறு கைகள் எல்லாம் மூடியபடியே நின்றன. திறக்கவில்லை. டீச்சர் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.

அக்கா சோற்றுத் தட்டோடு வந்தவள் சூழ்நிலையைப் புரிந்துகொண்டாள். துக்கம் கனத்த இடத்தில் சண்டை பிடிப்பது அவளுடைய வைத்தியமுறை.

"உன் புருஷனைக் கொஞ்சம் கண்டிச்சு வை. தினமும் காலையில தராசைத் தூக்கிட்டு வந்து சமையல் மேடையெல்லாம் உப்பாக்கிட்டுப் போயிடுறாரு. நான் துடைக்கிறேன், அவரு கொட்டுறாரு. இது வீடா, உப்பளமா?"

டீச்சர் சட்டென்று தலையைத் திருப்பினாள்.

"தினமுமா உப்பு?"

"தினமும்தான். ஒரு நாள் விட்டாப் பரவாயில்லையே."

"அக்கா, அவரைக் கூப்பிடு. அப்படியே இழுப்பறையில ஒரு குழல் இருக்கும், அதையும் எடு."

அவன் ஈரக்கையோடு வந்து நின்றான். அவள் வகுப்பறைக் குரலில் தொடங்கினாள்.

"தொட்டியில தண்ணி குறையுதே, குறைஞ்ச தண்ணி எங்க போகுது?"

"காத்துல போகுது."

"சரி. உப்பு?"

"உப்பும்தான்…" என்று தொடங்கியவன் நிறுத்தினான். "போகும்ல? மாவுல தண்ணி கூடச் சேர்த்தா, அந்தத் தண்ணிக்கு உண்டான உப்பையும் சேர்க்கணும். இல்லாட்டி ரொட்டி சப்புன்னு ஆயிடும்."

"ஏங்க, கடல்ல இருந்துதான் மேகம் ஏறுது. மழை என்ன, உப்புக் கரிச்சுக்கிட்டா பெய்யுது?"

அவன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

ஒரு சொட்டு நீரைக் குழலில் விட்டு, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே அவளே பிடித்துப் பார்த்தாள். கோடு தன் இடத்தை விட்டு எங்கோ மேலே ஏறிப் போயிருந்தது. நீர் மட்டும் பறந்துபோக, உப்பு அத்தனையும் அங்கேயே தங்கிவிட, அதன் தலையில் நாள்தோறும் ஒரு பங்கு புது உப்பு விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பங்கும் கிராம் பிசகாமல் நிறுத்த உப்பு.

"அட ராமா! என் பையன் ஆறாம் வகுப்புல படிச்ச பாடம் மாப்ளே இது" என்றாள் அக்கா.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள்; அடங்கவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "ஊறுகாய் போட்டிருக்காருக்கா. உயிரோட ஊறுகாய்."

"குலுங்காதடி! அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க!" என்று அக்கா பதறினாள், பதறிக்கொண்டே தானும் சிரித்தாள்.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலோரம் தரையில் மெல்ல உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்த அக்கா, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி வெளியேறினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"நீ அன்னைக்குச் சொன்னியே" என்றான் அவன், தரையைப் பார்த்து. "அது மூடித் திறக்கிற வரைக்கும் பயமில்லைன்னு. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு மூச்சே ஒழுங்கா வரலை. எப்படியாவது காப்பாத்தணும்னு காலையில காலையில ஓடி வந்து, என் கையாலேயே…"



டீச்சரின் சிரிப்பு நின்றது. தன் அச்சத்தைத் தான் ஒருத்தியே சுமப்பதாக அவள் எண்ணியிருந்தாள். ஒரு வார்த்தையில் அதை இவன் தோளில் ஏற்றிவிட்டு, தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"கையைக் குடுங்க."

"உப்பு ஒட்டியிருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். பேசாதீர்கள் என்று கண்ணால் அதட்டினாள். காத்திருந்தார்கள். பின்பு, உள்ளிருந்து யாரோ கதவை ஒரே ஒரு முறை தட்டியதுபோல், அவன் உள்ளங்கையில் ஓர் உதை விழுந்தது.

சுட்டதுபோல் கையை இழுத்தவன், உடனே பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான். "எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளாவே."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கண்ணு பட்டுடும்னு."

"யாரு கண்ணு? நானும் அக்காவும்தானே இருக்கோம்."

"என் கண்ணுதான்." அவள் தொட்டியைப் பார்த்தாள். மூடிய கைகள் மூடியபடியே நின்றன. "உள்ள இருக்கிறது தட்டித் தட்டிச் சொல்லுது. நான் அதை நம்பாம, அங்க இருக்கிறதைப் பாத்துப் பயந்துட்டுக் கிடக்கேன். அது வேற, இது வேற. ரெண்டையும் ஒரே கயித்துல கட்டினது நான். நானே அவுத்துட்டேன். நீங்க எழுந்திருங்க."

எழுந்தவன் அரைத் தொட்டியை அப்போதே இறைத்துக் கொட்டக் கிளம்பினான். அவள் விடவில்லை. கடைக்காரரும் தொலைபேசியில் அதையே சொன்னார்: எவ்வளவு மெதுவாக ஏறியதோ அவ்வளவு மெதுவாகத்தான் இறங்க வேண்டும், அவசரப்பட்டால் மிஞ்சியதும் போய்விடும். அதன்படி நாள்தோறும் ஒரு குவளை உப்புநீர் வெளியே போயிற்று; ஒரு குவளை நல்ல நீர் உள்ளே வந்தது. அக்கா தையல்கடைச் சாக்கட்டியால் குவளையின்மேல் பெரிதாக 'வெறும் தண்ணி' என்று எழுதி, தராசைக் கடைக்கே திருப்பி அனுப்பினாள். குழலை டீச்சர் தலையணையடியில் வைத்துக்கொண்டாள். அதை வெளிச்சத்தில் பிடிப்பதற்காகவே காலையில் கண்விழித்தாள்.

அந்த விரல் பவளம் அதுவரை பொறுக்கவில்லை. காம்பு காம்பாகக் குழைந்து கரைந்து, ஒரு நாள் வெறும் கல் மட்டும் நின்றது.

"எடுத்துடட்டுமா?" என்று கேட்டான் அவன். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

"எடுத்துடுங்க. விட்டா மத்ததையும் கெடுத்துடும்."

அவன் முழங்கைவரை நீருக்குள் விட்டு அந்தக் கல்லை வெளியே எடுத்தபோது அவள் அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு அக்கா கொண்டுவந்த தட்டை மடியில் வாங்கி, ஒரு பருக்கை மிஞ்சாமல் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். தட்டை வாங்கிக்கொண்டு திரும்பிய அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடியே சமையலறைக்குப் போனதை அவன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டான்.

பச்சைப் பொத்தான்கள் முதலில் திரும்பின. காளான் பவளம் நெடுநாள் யோசித்துவிட்டு ஓரத்தை விரித்தது. மீன்கள் இரண்டும், இத்தனையும் நடந்தது அறியாதவைபோல், ஒன்றையொன்று அதட்டிக்கொண்டும் அடங்கிக்கொண்டும் இருந்தன. எழுந்து உட்காரலாம் என்று மருத்துவர் அனுமதி கொடுத்த அன்று, நாற்காலியைத் தொட்டியருகே போடச் சொல்லி, சிறிய கிண்ணத்தால் டீச்சரே தொட்டிக்கு நீர் ஊற்றினாள். கல் எடுத்த இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே வேறு எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வலி ஒரு பிற்பகலில் வந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா தாழ்வாரத்தில் நின்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை உள்ளே அழைத்தார்கள். செவிலி, துணி சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து, துணியை விலக்கித் தராசுத் தட்டில் கிடத்தினாள். தட்டில் எதை வைத்தாலும் எண்ணை நோக்கித் தாவுகிற கண் அவனுடையது; வாழ்நாளெல்லாம் அப்படிப் பழகிய கண். செவிலி எடையை வாய்விட்டுச் சொன்னாள். பின்னர் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக, அவன் பின்னாலேயே கட்டிலருகே வந்தான்.

டீச்சர் களைத்துக் கிடந்தாள். குழந்தையை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொண்ணு எவ்வளவு எடை?"

"தெரியல."

"தராசுகிட்டயே நின்னீங்களே?"

"நின்னேன்."

"நம்பர் தெரியலையா?"

"பாக்கலை. அவங்க சொன்னதும் காதுல விழலை. கையை மூடித் திறந்துட்டு இருந்தா. அதைப் பாத்துட்டே இருந்துட்டேன்."

அவள் குனிந்து பார்த்தாள். குழந்தையின் விரல்கள் அவளுடைய ஆடையின் விளிம்பைப் பற்றின, விட்டன, மறுபடி பற்றின. வாசலில் அக்கா, உள்ளே விடும்படி யாரிடமோ உரிமைப்போர் நடத்திக்கொண்டிருந்தாள்.

"காலையில தொட்டிக்கு ஊத்துனீங்களா?" என்றாள் டீச்சர், கண்ணை மூடிக்கொண்டே.

"ஊத்தினேன்."

"என்ன ஊத்துனீங்க?"

"வெறும் தண்ணி, டீச்சர்."